கழற்றி மாட்டக்கூடிய கார்டு

என் பழைய லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி மாற்ற முடியும். இப்போது கேமிங் லேப்டாப் வாங்குகிறவர்களிடம் இதைச் சொன்னால் சட்டென்று நம்ப மாட்டார்கள். இன்று அநேகமாக எல்லா லேப்டாப்பிலும் கிராஃபிக்ஸ் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்துத்தான் தருகிறார்கள். வாங்கிய அன்று என்ன இருந்ததோ அதோடுதான் கடைசிவரை குடித்தனம். முன்பு எம்எக்ஸ்எம் என்றொரு அளவுமுறை இருந்தது. 2004இல் என்விடியா கொண்டுவந்தது. அதன்படி செய்த கார்டு ஒரு தனிப் பலகை. பெரிய வகை என்றால் 82 மில்லிமீட்டர் அகலம், 105 மில்லிமீட்டர் நீளம், ஒரு விளிம்பில் பொன்முலாம் பூசிய பற்கள். ஸ்லாட்டில் செருகி இரண்டு திருகை இறுக்கினால் கார்டு உட்கார்ந்துவிடும். 2016இல் மாதக்கணக்கில் நான் யோசித்தது அந்த இரண்டு திருகையும் கழற்றலாமா வேண்டாமா என்பதைத்தான்.

லேப்டாப்பை வாங்கியது 2013 தொடக்கத்தில். உடல் தைவானின் கிளெவோ நிறுவனம் செய்தது. அந்த உடலை வாங்கி, பல நாடுகளில் சிறிய விற்பனையாளர்கள் தங்கள் பெயரை ஒட்டி விற்பார்கள். 15.6 அங்குலத் திரை, இன்டெல் ஐ7 3630க்யூஎம், 3 ஜிபி நினைவகத்தோடு ஜிடிஎக்ஸ் 670எம்எக்ஸ். மூன்று கிலோவுக்கு மேல் எடை. 180 வாட் அடாப்டரின் கனம் தனி. அதே பணத்துக்கு டெஸ்க்டாப் வாங்கினால் வேகம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அன்றே தெரியும். ஆனால் 2012இல் எங்கள் ஈரோட்டுப் பக்கம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் பாதியும் இரவில் பாதியும் போய்விடும். வேலை சென்னையில், வீடு ஈரோட்டில், மாதம் ஒரு தடவை ஊருக்குப் போய்வருகிற வாழ்க்கை. பேட்டரியில் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு பாதி வேகத்துக்கு இறங்கிவிடும் என்றாலும், கரண்ட் போன நொடியில் ஆட்டம் அணையாமல் இருந்ததே எனக்குப் பெரிய காரியம்.

அந்த லேப்டாப் மேல் பிடிப்பு விழுந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில். வேளச்சேரியில் கீழ்த்தளத்து அறை. தண்ணீர் வாசலைத் தாண்டியதும் அறைத்தோழனின் டெஸ்க்டாப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோம். அதுவரைக்கும் வராது என்று நினைத்தோம். கட்டிலும் முழுகியது. என் லேப்டாப் முதுகுப்பையில் என்னோடு இரண்டாம் மாடிக்கு ஏறிவிட்டது. மூன்று நாள் கழித்து அவன் டவரின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது உள்ளேயிருந்து சேற்றுத் தண்ணீர் கொட்டியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதன்பிறகு டெஸ்க்டாப் வாங்கு என்று யார் சொன்னாலும் என் மனம் அந்தப் பக்கம் போகவேயில்லை.

கார்டு மாற்றும் எண்ணத்தைக் கிளப்பியது ஓர் ஆட்டம். போலந்தின் சிடி பிராஜெக்ட் ரெட் 2015 மே மாதம் வெளியிட்ட 'தி விட்சர் 3'. அதில் வெலன் என்ற சதுப்பு நாட்டில் ஒரு கோட்டைத் தலைவன் வருவான். குடியால் மனைவியையும் மகளையும் இழந்து நிற்பவன். அவன் கதையை ஆடி முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல நாவல் ஒன்றைப் படித்து முடித்தால் வருகிற அதே கனம். இதை ஆட்டம் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் வாதாடியிருக்கிறேன், இன்றும் வாதாடுவேன். அந்தக் கதை முடிந்து நோவிகிராட் நகரத்துக்குள் நுழைந்ததும்தான் வினை வந்தது. சந்தை, கூட்டம், கோபுரங்கள், ஓடுகிற நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திரையில் வர, என் கார்டு மூச்சு முட்டிப்போனது. காட்சி நின்று நின்று நகர்ந்தது.

அந்த ஆட்டத்துக்குக் குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 660 வேண்டும் என்று போட்டிருந்தார்கள். டெஸ்க்டாப் கார்டு அது. அதிலும் 960 கோர், என் 670எம்எக்ஸிலும் 960 கோர். ஆனால் அது 980 மெகாஹெர்ட்ஸில் ஓடும், என்னுடையது 600இல் ஓடும். லேப்டாப்புக்குள் அதற்குமேல் ஓடவிட்டால் சூட்டை வெளியேற்ற இடமில்லை. அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணைவிட இந்தச் சூட்டுக் கணக்குதான் முக்கியம் என்பதை எனக்கு முதலில் சொன்னவர் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர்.

மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பி நரசிங்கபுரம் தெருவைத் தாண்டி, மீரான் சாகிப் தெருப் பக்கம் ஒரு மாடியில் அவர் கடை. சிப் லெவல் சர்வீஸ் பார்ப்பவர். மேசை விளக்கு, மைக்ராஸ்கோப், பற்றுக்கோல், பிரித்துப்போட்ட போர்டுகள். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. நான் மேல் ரக கார்டு கிடைக்குமா என்று கேட்கப் போனேன். அவர் விலை பேசவேயில்லை.

"தம்பி, கேம் ஓடும்போது கார்டு எத்தனை டிகிரியில இருக்குன்னு பார்த்தீங்களா?"

"91 வரைக்கும் போகுது பாய்."

"ஸ்பீடு இறங்குதா?"

"இறங்குது. 600லருந்து அஞ்சு நிமிஷத்துல 400க்கு வந்துடுது."

"அப்ப புகைபோக்கி அடைச்சுக் கிடக்கு. நீங்க பெரிய அடுப்பு கேட்டு வந்து நிக்கறீங்க."

சொல்லிக்கொண்டே லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு மூடியைத் திறந்தார். அந்த உடலில் பிராசஸருக்கு ஒரு பேன், கிராஃபிக்ஸுக்கு ஒரு பேன் என்று தனித்தனி. கிராஃபிக்ஸ் பக்கத்துப் பேனைக் கழற்றியதும் செம்புத் தகடுகளின் வாயில் தூசி தடித்துப் படிந்து, விரலால் பிடித்து உரிக்கிற பதத்தில் இருந்தது. வேளச்சேரி ரோட்டுப் புழுதி அத்தனையும் உள்ளே இருந்தது. ஹீட்சிங்கைப் பிடித்த நான்கு ஸ்பிரிங் திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது பின்னிருந்து முன்னாக, மாட்டும்போது முன்னிருந்து பின்னாக, அதுவும் ஒரே மூச்சில் இறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மூலையை மட்டும் முதலில் இறுக்கினால் சிப்பின் விளிம்பு உடைந்துபோகும் என்றார். சிப்பின்மேல் இருந்த பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்ததும் சிப் கண்ணாடி மாதிரி மின்னியது. அதன் நடுவில் அரிசியளவு புதுப் பேஸ்ட் வைத்து, ஹீட்சிங்கை மாட்டி இறுக்கி, உடனே மறுபடியும் கழற்றினார். எதற்கென்று புரியவில்லை. பேஸ்ட் எல்லா மூலைக்கும் ஒரே சீராகப் பரவியிருக்கிறதா என்று தடம் பார்ப்பதற்காம். பார்த்துத் திருப்திப்பட்டு, துடைத்துவிட்டுப் புதிதாக வைத்து மூடினார். கூலி 400 ரூபாய்.

"ஒரு வாரம் ஓட்டுங்க. அப்புறமும் பத்தலன்னா கார்டைப் பத்திப் பேசலாம்."

அன்றிரவு அதே நோவிகிராட் சந்தையில் போய் நின்றேன். 77 டிகிரி. 600 மெகாஹெர்ட்ஸ் அசையாமல் நின்றது. முன்பு நொடிக்குப் பதினான்கு பிரேமுக்கு இறங்கிய இடத்தில் இப்போது இருபத்து நான்கு, இருபத்தைந்து. நின்று நின்று நகர்வது போய்விட்டது. ஆனாலும் குறைந்தது முப்பது வேண்டும், அதுவும் காட்சித் தரத்தை இதற்குமேல் குறைக்காமல் வேண்டும். சூட்டால் வந்த குறை தீர்ந்து, கார்டின் சொந்தக் குறை மட்டும் மிச்சமிருந்தது. இப்படிப் பிரித்துப் பார்த்திராவிட்டால் புதுக் கார்டு போட்டாலும் அதே தூசிக்குள் வைத்து அதையும் 91 டிகிரியில் ஓட்டியிருப்பேன். கார்டு மாற்ற நினைப்பவர் எவராக இருந்தாலும் முதல் செலவு அந்த 400 ரூபாயாகத்தான் இருக்க வேண்டும் என்று இன்றும் சொல்வேன்.

பிறகுதான் கார்டுகளைப் பற்றி ஊன்றிப் படித்தேன். ஆசை 980எம் மேல். கணக்கு 970எம் பக்கம். 670எம்எக்ஸ் 75 வாட் வரைக்கும் இழுக்கும் கார்டு, 970எம் அதற்குச் சற்று மேல். 980எம் நூறு வாட்டை ஒட்டிப் போகும். பிராசஸர் 45 வாட், திரை, டிஸ்க், பேன் எல்லாம் சேர்த்தால் 180 வாட் அடாப்டரில் நிம்மதியாக ஓட இடம் போதாது. என் ஹீட்சிங்கும் அந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல. 970எம்மில் என்னைக் கவர்ந்தது இன்னொன்று. இரண்டு கார்டும் ஒரே 28 நானோமீட்டர் முறையில் செய்தவை. தயாரிப்பு முறை மாறவில்லை. ஆனாலும் கெப்ளர் வடிவமைப்பிலிருந்து மேக்ஸ்வெல்லுக்கு வந்தபோது கோர்களின் அடுக்கை மாற்றி, எல்2 கேஷைப் பெரிதாக்கி, அதே வாட்டில் எவ்வளவோ கூடுதல் வேலை வாங்கியிருந்தார்கள். 960 கோர் 600 மெகாஹெர்ட்ஸ் இருந்த இடத்தில் 1280 கோர் 924 மெகாஹெர்ட்ஸ், ஏறக்குறைய அதே சூட்டில். பொறியாளர்கள் செய்த அந்த வேலை எனக்கு இன்றும் வியப்புதான்.

வேறு வழிகளையும் பார்க்காமல் இல்லை. வைஃபை கார்டு இருக்கும் சிறு ஸ்லாட்டில் வயர் சொருகி, டெஸ்க்டாப் கார்டை வெளியே வைத்து ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக வாங்கியதை மேசையோடு கட்டிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை. 2016 ஆகஸ்டில் அடுத்த தலைமுறையான பாஸ்கல் கார்டுகளோடு புது லேப்டாப்புகள் வந்தன. ஜிடிஎக்ஸ் 1060 போட்டது எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். பாஸ்கல் எம்எக்ஸ்எம் கார்டுகளில் பல பழைய அளவுக்கு அடங்கவில்லை. ஆகவே என் ஸ்லாட்டுக்கு 970எம், 980எம் தலைமுறையைத் தாண்டிப் போக வழி குறைவு என்பதும் தெரிந்தது. எடுத்தால் இப்போது எடுக்க வேண்டும்.

அந்தத் தீபாவளிக்கு ஈரோடு போயிருந்தபோது அக்காவிடம் பேச்சு வந்தது.

"முப்பதாயிரமாடா? ஒரு விளையாட்டுக்கா?"

"விளையாட்டுக்கு மட்டும் இல்லக்கா. இன்னும் நாலஞ்சு வருஷம் இதையே ஓட்டலாம்."

"நாலு வருஷம் முந்தி வாங்குனதுக்கு முப்பதாயிரம் போடறதுக்கு, அந்தக் காசைப் போட்டு வெச்சா ரெண்டு வருஷத்துல புதுசே வாங்கிக்கலாமல்ல?"

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. வாங்கிய விலையில் பாதி தேறாத பொருளுக்குள் முப்பதாயிரம் போடுவது கணக்குப் பார்க்கிற எவருக்கும் உறுத்தும். திரும்ப விற்றால் அந்தப் பணம் வராது. என் பக்கத்துக் கணக்கு வேறு. பிராசஸர் இன்னும் திணறவில்லை, அதை அளந்து பார்த்திருந்தேன். ஆட்டம் ஓடும்போது அது அறுபது சதவீதத்தைத் தாண்டவில்லை, கிராஃபிக்ஸ் கார்டுதான் நூறில் நின்றது. கீபோர்டு, திரை, கீல் எல்லாம் நன்றாக இருந்தன. ஓர் உறுப்பு மட்டும் பின்தங்கிவிட்டது என்பதற்காக முழுப் பொருளையும் ஓரங்கட்டுவது எனக்கு ஒவ்வவில்லை.

அக்கா மகளுக்கு அப்போது பத்து வயது. பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமா, அந்தக் குதிரை ஏன் இழுத்து இழுத்துப் போகுது? காலு வலிக்குதா?" என்று கேட்டாள். அக்கா சிரித்துவிட்டாள். "சரி, வாங்கித் தொலை" என்று அவள் சொன்னதில் பாதி அந்தக் கேள்வியின் புண்ணியம்.

கார்டு கிடைத்தது பெங்களூரில். கிளெவோ உடலே வைத்திருந்த ஒருவர், 980எம்முக்கு மாறியதால் தன் 6 ஜிபி 970எம்மை விற்க நினைத்தார். நான் ஒரே நிபந்தனை வைத்தேன்: என் லேப்டாப்பை எடுத்து வருகிறேன், அதில் மாட்டிப் பார்த்து, கார்டை லேப்டாப் அடையாளம் கண்டால்தான் பணம். அவர் தயங்காமல் ஒத்துக்கொண்டார். பழைய நோட்டுகள் செல்லாது என்ற நவம்பர் 8 அறிவிப்பு வந்து கையில் ரொக்கம் இல்லாத நேரம். வங்கி வழியாகவே வாங்கிக்கொள்கிறேன் என்றதும் அவர்தான். பாய் கொடுத்தனுப்பிய தெர்மல் பேடும் பேஸ்ட்டும் பையில் இருந்தன.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு லேப்டாப்பையும் கவிழ்த்து வைத்தோம். பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கினோம். இரண்டு திருகையும் எடுத்ததும் பழைய கார்டு சாய்வாக மேலெழும்பி நின்றது. ரேம் கழற்றுகிறவர்களுக்குத் தெரிந்த அதே சாய்வு. இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நினைவகச் சிப்புகள் இருக்கும் இடம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் தள்ளியிருந்தது. ஹீட்சிங்கின் தகடு அவற்றைத் தொடாத இடங்களில் பேடை வெட்டி வைத்தோம். பாய் செய்ததுபோல் ஒரு தடவை மாட்டிக் கழற்றித் தடம் பார்த்தேன். ஒரு பக்கம் பேஸ்ட் பரவாமல் திட்டாக நின்றது. பேட் தடிமன் கூடி, ஹீட்சிங்கைத் தூக்கியிருந்தது. அரை மில்லிமீட்டர் பேடுக்கு மாற்றினோம். மறு தடவை சீராகப் பரவியது.

பவர் போட்டதும் திரையில் லோகோ வந்தது. அவர் கைகொடுக்க வந்தார். நான் பொறுக்கச் சொன்னேன். அந்த லேப்டாப்பில் திரைக்குப் படம் அனுப்புவது இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ். கார்டு செத்திருந்தாலும் லோகோ வரும். விண்டோஸ் திறந்து டிவைஸ் மேனேஜரில் பார்த்தபோது, மஞ்சள் முக்கோணத்தோடு பெயரில்லாத ஓர் உருப்படி இருந்தது. அதன் அடையாள எண்ணில் 10டிஇ என்று தொடங்கும் பகுதியைத் தேடினேன். என்விடியாவின் குறியீடு அது. இருந்தது. அங்கேயே பணத்தை அனுப்பிவிட்டேன்.

டிரைவர் ஏற்றுவதில் ஒரு முடிச்சு உண்டு. லேப்டாப் கார்டுகளுக்கான டிரைவர், எந்தக் கார்டு எந்த லேப்டாப்பில் வரும் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏற்றும். என் ஜோடி அந்தப் பட்டியலில் கிடையாது. பட்டியல் கோப்பைத் திறந்து, என் அடையாள எண்ணை ஒரு வரியாகச் சேர்த்து எழுத வேண்டும். எழுதியதும் கோப்பின் கையொப்பம் செல்லாமல் போகும். விண்டோஸை மறுபடி துவக்கி, வரும் பட்டியலில் ஏழாவதைத் தேர்ந்து கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டு ஏற்றினால் ஏறிவிடும். ஒவ்வொரு புது டிரைவருக்கும் இதே வேலை. சலிப்புதான், ஆனால் பத்து நிமிஷம்தான்.

சென்னைக்குத் திரும்பிய இரவே நோவிகிராட். காட்சித் தரத்தை உயர்வில் வைத்து, முடி அசைவுக்கான அமைப்பை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டினேன். சந்தையில் நாற்பதை ஒட்டி நின்றது, ஊருக்கு வெளியே ஐம்பது. 79 டிகிரி. கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது ஓடுகளின்மேல் வெளிச்சம் நகர்வதை முதல் தடவையாகத் தடங்கலில்லாமல் பார்த்தேன். மனம் நிறைந்துவிட்டது.

அந்தக் கார்டு எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது பிரேம்கள் மட்டுமல்ல. லேப்டாப்புகளில் இருந்த கெப்ளர் கார்டுகளுக்கு ஆட்டங்களுக்கான புது டிரைவர் கொடுப்பதை என்விடியா 2019 ஏப்ரலோடு நிறுத்தியது. மேக்ஸ்வெல்லுக்கு 2025 அக்டோபர் வரைக்கும் கொடுத்தது. 2020 ஊரடங்கில் அக்கா மகள் அதே லேப்டாப்பில்தான் பாடம் கேட்டாள், மிச்ச நேரத்தில் பிளெண்டர் பழகினாள். அவள் செய்த முதல் முப்பரிமாணக் குதிரையை ரெண்டர் செய்ததும் அந்த 970எம்தான்.

அவள் கல்லூரிக்குப் போகும்போது புது லேப்டாப் வாங்க வேண்டியிருந்தது. முதல் கேள்வியே, "மாமா, இதுல பின்னாடி கார்டு மாத்திக்கலாமா?" என்பதுதான். இல்லை என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. ஃபிரேம்வொர்க் 16 போல ஒன்றிரண்டு லேப்டாப்புகள்தான் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. அதற்கு 2025இல் ஆர்டிஎக்ஸ் 5070 மாட்யூல் அறிவித்ததைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். லேப்டாப்பை மெல்லிசாக்குவதற்காக ஸ்லாட்டை எடுத்தார்கள் என்பது புரிகிறது. ஆனால் நாலு வருஷம் கழித்து எடுக்க வேண்டிய முடிவை வாங்கும் நாளிலேயே எடு என்று ஒரு மாணவியிடம் சொல்வது சரியில்லை என்பது என் எண்ணம்.

அவள் முன் இருந்தது ஆர்டிஎக்ஸ் 4060ஆ, 4070ஆ என்ற கேள்வி. லேப்டாப்பில் இரண்டுக்கும் 8 ஜிபி நினைவகம்தான். பெரிய ரெண்டர் நினைவகத்தில் அடங்காமல் போனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் முட்டும். 4060 எடுத்து, மிச்சப் பணத்தை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் வைத்துக்கொள், அவை இரண்டையும் இன்னும் மாற்ற விடுகிறார்கள் என்றேன். அதோடு ஒன்று சொன்னேன்: ஒரே 4060ஐ ஒரு கம்பெனி 60 வாட்டில் ஓட்டும், இன்னொன்று 115 வாட்டில் ஓட்டும், பெயரை மட்டும் பார்த்து வாங்காதே.

கடையில் அவள், "அண்ணா, இதுல கிராஃபிக்ஸ் எத்தனை வாட்?" என்று கேட்டிருக்கிறாள். விற்பனையாளருக்குத் தெரியவில்லை. அங்கேயே போனில் தேடி, இரண்டு மாடலை ஒதுக்கி, மூன்றாவதை எடுத்துக்கொண்டு வந்தாள்.